படைச்சின்னம், பதக்கம், ரெஜிமென்ட் கொடி: பழைய சிகரெட் அட்டைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணயம், தபால்தலை சேகரிக்கிறவர்கள் கூடும் இடங்களில் என் ஆல்பத்தைத் திறந்தாலே சில கேள்விகள் தவறாமல் வரும். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டிஷ் அட்டைகள் பற்றியவைதான். படைச்சின்னங்களை இவ்வளவு விரிவாக அட்டையில் அச்சிட்டவர்கள் அவர்கள்.

சின்ன வயசுல சிகரெட் பெட்டியைக் கிழிச்சு அட்டை விளையாடுவோமே, அதுவா இது?

இல்லை. நாம் சார்மினார், பாசிங் ஷோ, சிசர்ஸ் பெட்டிகளின் மேலட்டையைக் கிழித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்து விளையாடினோம். இது பெட்டிக்குள்ளேயே தனியாக வைத்துக் கொடுத்த அட்டை. முன்பக்கம் வண்ணப்படம், பின்பக்கம் நாலைந்து வரி விளக்கம், வரிசை எண், கம்பெனி பெயர். வழக்கமான அளவு சுமார் 36 மில்லிமீட்டர் அகலம், 67 மில்லிமீட்டர் உயரம்.

ஆரம்பத்தில் சிகரெட் வெறும் காகித உறையில் வந்தது. உள்ளே இருக்கும் சிகரெட் நசுங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். அதை ஏன் சும்மா விட வேண்டும் என்று 1870களில் அமெரிக்காவில் விளம்பரமும் படமும் அச்சிடத் தொடங்கினார்கள். 1880களின் இறுதியில் அது இங்கிலாந்துக்கு வந்தது. 25 அல்லது 50 அட்டை ஒரு தொகுப்பு என்று வகுத்த பிறகு ஆள் விடுவானா? முழுத் தொகுப்பும் சேரும்வரை அதே பிராண்டைத்தான் வாங்குவான். தேயிலை, சாக்லேட், இறைச்சிச்சாறு விற்ற கம்பெனிகளும் இதையே செய்தன. புகையிலை அல்லாத பொருளோடு வந்ததை வணிக அட்டை என்று தனியாகப் பிரிப்பது சேகரிப்போர் வழக்கம். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது முக்கியமாகச் சிகரெட் அட்டைகள்.

சிகரெட் கம்பெனிக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்?

புகைத்தவர்களில் பெரும்பகுதி ஆண்கள், அவர்களில் பலர் சிப்பாய்கள். அதோடு காலமும் ஒத்துப்போனது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தபோது இங்கிலாந்தில் படைமோகம் உச்சத்தில் இருந்தது. 1908இல் பகுதிநேரப் படைகளைத் திரட்டி டெரிட்டோரியல் ஃபோர்ஸ் என்று ஒன்றை அமைத்தார்கள். அதே ஆண்டில் டாடி கம்பெனி அந்தப் படைப்பிரிவுகளை 25 அட்டைகளில் கொண்டுவந்தது. 1914இல் முதல் உலகப்போர் வந்ததும் கேட்கவே வேண்டாம்.

சின்னமும் கொடியும் அட்டைக்கென்றே செய்தது போன்றவை. சின்ன இடத்தில் அடங்கும், பளிச்சென்ற நிறம் இருக்கும், ஒவ்வொரு மாவட்டத்துக்காரனும் தன் ஊர் ரெஜிமென்ட்டைத் தேடுவான்.

நிறைய பேர் சொல்றீங்க. எதுல ஆரம்பிக்கட்டும்?

முதலில் கம்பெனிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டிங்ஹாமின் ஜான் பிளேயர், பிரிஸ்டலின் வில்ஸ், பெல்ஃபாஸ்ட்டின் கேலஹர், லண்டனின் டாடி, காட்ஃப்ரே பிலிப்ஸ். இந்த ஐந்தையும் அறிந்தால் படை அட்டைகளில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

கொடிக்கும் சின்னத்துக்கும் பிளேயர்தான். 1903–04இல் பிரிட்டிஷ் ரெஜிமென்ட்களின் சின்னங்களும் கொடிகளும், 1907இல் நிரந்தரப் படைகளின் கொடிகளும் தொப்பிச் சின்னங்களும், 1910இல் டெரிட்டோரியல் படைகளுக்கு அதே போல ஒன்று. இவை தலா 50. 1924இல் குதிரைப்படை முரசுத் துணிகள் 25, 1930இல் மறுபடி கொடிகளும் சின்னங்களும் 50. பதக்கங்களுக்கு 1906இல் வில்ஸ் போட்ட 50, 1912இல் டாடி போட்ட 50, 1927இல் பிளேயர் போட்ட 90. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவர்களுக்கு கேலஹர் 1915–16இல் 25 அட்டைகள் கொண்ட எட்டு வரிசைகளாக 200 வெளியிட்டது.

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது பிளேயரின் 1930 தொகுப்பு, அல்லது 1939இல் கேலஹர் வெளியிட்ட 48 அட்டை ராணுவச் சின்னங்கள். இரண்டும் தாராளமாகக் கிடைக்கும், பாக்கெட்டைக் கடிக்காது. டாடியை எடுத்த எடுப்பில் தொடாதீர்கள், விலை அதிகம். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது வேறு: 1924–25இல் பிளேயர் வெளியிட்ட கோர், டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவுகளின் அடையாளக் குறிகள். இரண்டு வரிசையும் சேர்த்து 150 அட்டை. போர்முனையில் வண்டியிலும் பலகையிலும் படையின் பெயரை எழுதினால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று பெயருக்குப் பதிலாகப் படம் வரைந்தார்கள். அந்தக் குறிகள் இவை. பகட்டான கிரீடமும் சிங்கமும் பார்த்து அலுத்த கண்ணுக்கு எளிய கோட்டுப்படங்கள் இதமாக இருக்கும்.

ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒரு கொடிதானே? ஏன் சில அட்டையில ரெண்டு, சிலதுல ஒண்ணுமே இல்ல?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கொடி அட்டைகள் பாதி புரிந்த மாதிரி. பிரிட்டிஷ் காலாட்படையில் ரெஜிமென்ட்டின் உட்பிரிவான ஒவ்வொரு பட்டாலியனுக்கும் இரண்டு கொடி. ஒன்று அரசரின் கொடி, யூனியன் ஜாக் அமைப்பில் இருக்கும். மற்றது ரெஜிமென்ட் கொடி. அதன் நிறம் அந்தப் படையின் சட்டைக் காலர், கைப்பட்டை நிறத்தையொட்டி அமையும். ரெஜிமென்ட் வென்ற போர்களின் பெயர்களைத் தனித்தனிச் சுருள்களில் எழுதித் தைத்திருப்பார்கள்.

குதிரைப்படையில் கதை வேறு. டிராகூன் கார்ட்ஸ் போன்ற குதிரைப்படைகளுக்கு ஸ்டாண்டர்ட் என்ற சதுரக் கொடி, டிராகூன் படைகளுக்குக் கைடன் என்ற நுனி பிளந்த கொடி. ஹுஸார், லான்சர் போன்ற இலகு குதிரைப்படைகள் 1834இல் கைடனைக் கைவிட்டுவிட்டு, போர்ப் பெயர்களை முரசின் மேல் போர்த்தும் துணியில் வைத்துக்கொண்டன. முரசுத் துணிகளுக்கென்று பிளேயர் தனித் தொகுப்பு போட்டதற்கு இதுதான் காரணம். ரைஃபிள் ரெஜிமென்ட்களுக்குக் கொடியே கிடையாது. பீரங்கிப் படைக்கு அதன் பீரங்கிகளே கொடி. ஆகவே ரைஃபிள் படை அட்டையில் கொடி இல்லாமல் சின்னம் மட்டும் இருந்தால், ஓவியர் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

அட்டைகள் வந்த காலத்திலேயே இந்தக் கொடிகள் போர்க்களத்துக்குப் போவது நின்றுவிட்டது. பிரிட்டிஷ் படை கொடியைக் கடைசியாகச் சண்டைக்கு எடுத்துச் சென்றது 1881 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் லெயிங்ஸ் நெக்கில், 58ஆவது ரெஜிமென்ட். அதன் பிறகு அணிவகுப்புக்கு மட்டும்தான்.

நம்ம ஊர் பேர் இருக்கிற கொடி உண்டுன்னு சொன்னாங்க. நிஜமா, கதையா?

நிஜம்தான். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் ரெஜிமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1881இல் பழைய ரெஜிமென்ட்களை இணைத்து மாவட்டப் பெயர் சூட்டியபோது, 102ஆவது, 103ஆவது படைகளைச் சேர்த்து இதை உருவாக்கினார்கள். அவை இரண்டும் அதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ், பம்பாய் ஐரோப்பியப் படைகள். பழைய போர்ப் பெயர்கள் அப்படியே புதிய ரெஜிமென்ட்டுக்கு வந்து சேர்ந்தன: ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர், புதுச்சேரி, கர்னாட்டிக் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காடு நவாபின் பகுதி), மைசூர். 1751இல் கிளைவ் முற்றுகையைத் தாக்குப்பிடித்த ஆற்காடு, 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்ற வந்தவாசி, 1781இல் ஹைதர் அலியோடு மோதிய சோளிங்கர்.

அதன் தொப்பிச் சின்னத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலே தீ கக்கும் கையெறி குண்டு. குண்டின் உருண்டைப் பகுதியில் வெள்ளை உலோகத்தில் ஒரு புலி, அதற்குக் கீழே ஒரு யானை. புலி பிளாசிக்கும் பக்சாருக்கும், யானை கர்னாட்டிக்குக்கும் மைசூருக்கும். இவ்வளவும் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய இடத்தில். மங்கிய அட்டையில் யானை ஒரு சாம்பல் திட்டாகத்தான் தெரியும். இதற்காகவே நல்ல பிரதியைத் தேட வேண்டியிருக்கிறது.

டார்செட்ஷைர் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் 'பிரைமஸ் இன் இண்டிஸ்' என்றிருக்கும், இந்தியாவுக்கு முதலில் வந்தவர்கள் என்ற பெருமை. அதன் முன்னோடியான 39ஆவது ரெஜிமென்ட் 1754இல் வந்து இறங்கியது சென்னையில்தான். ஹைலண்ட் லைட் இன்ஃபன்ட்ரி என்ற ஸ்காட்லாந்துப் படையின் சின்னத்தில் ஒரு யானையும் 'அசாயே' என்ற சொல்லும் இருக்கும். அது 1803இல் மராத்தியரோடு நடந்த போர். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் இருக்கும் யானையும் அதே அசாயே யானைதான்.

இந்தியாவுலயே விட்ட அட்டை உண்டா? மெட்ராஸ் ரெஜிமென்ட் அட்டை கிடைக்குமா?

முதல் கேள்விக்கு, உண்டு. வில்ஸ் கம்பெனியின் சிசர்ஸ் பிராண்ட் இந்தியாவில் நன்றாக ஓடியது. அதற்கென்றே தனி அட்டைத் தொகுப்புகள் அச்சடித்தார்கள். 1912இல் வந்த இந்திய ரெஜிமென்ட் வரிசை, 50 அட்டைகள், நம்மவர்களுக்கு அதுதான் மகுடம். 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா தொடங்கியிருந்தது, 1913இல் பெங்களூரில் அதன் தொழிற்சாலை வந்தது. இன்றைய ஐ.டி.சி. அதுதான்.

இரண்டாவது கேள்வியில் ஒரு சிக்கல். 1912இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற பெயரில் எந்தப் படையும் இல்லை. 1903இல் இந்தியப் படைத் தலைவர் கிச்சனர் இந்தியப் படைகளுக்கெல்லாம் புது எண் போட்டபோது, மெட்ராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60ஐக் கூட்டினார். அதனால் 61ஆவது பயனியர்ஸ், 73ஆவது கர்னாட்டிக் இன்ஃபன்ட்ரி, 79ஆவது கர்னாட்டிக் இன்ஃபன்ட்ரி போன்ற பெயர்கள்தான் அந்தக் காலத்துக்குரியவை. 1922இல் அவற்றில் சிலவற்றைக் கொண்டு 3ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட் அமைந்து, அதே பத்தாண்டில் கலைந்தும் போனது. இப்போதுள்ள ரெஜிமென்ட் இரண்டாம் உலகப்போரின்போது மறுபடி எழுப்பப்பட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை மட்டும் இடையில் அறுபடாமல் தொடர்ந்தது. அதனால் 'மெட்ராஸ் ரெஜிமென்ட், 1912' என்று சொல்லி யாராவது விற்றால் எண்ணைக் கேளுங்கள்.

அட்டையில வருஷமே போடலையே. எந்தக் காலம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முன்பக்கப் படத்தில் மயங்காமல் பின்பக்கத்தைத் திருப்புங்கள். இந்தத் துறையில் நான் யாருக்கும் சொல்லும் முதல் அறிவுரை இதுதான். முன்பக்கம் ஓவியரின் கைவேலை, பின்பக்கம் கம்பெனியின் கணக்குப் புத்தகம். 1901இல் பல பிரிட்டிஷ் கம்பெனிகள் சேர்ந்து இம்பீரியல் டொபாக்கோ ஆனதும், உள்நாட்டில் விற்ற அட்டைகளின் அடியில் அந்தப் பெரிய கம்பெனியின் பெயர் வரியாக ஏறியது. பிளேயர், வில்ஸ் அட்டையில் அந்த வரி இல்லையென்றால் ஒன்று அது அதற்கு முந்தியது, அல்லது வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. சிசர்ஸ் அட்டைகள் இரண்டாவது வகை.

அடுத்து, முடி. தொப்பிச் சின்னத்தின் மேல் இருக்கும் கிரீடம் விக்டோரியா காலத்தில் ஒரு வடிவம், 1901 முதல் 1952 வரை மன்னர்கள் காலத்தில் தோள் உயர்ந்து வளைந்த இன்னொரு வடிவம், அதன் பின் எலிசபெத் காலத்தில் நடுவில் சற்றுக் குழிந்த வடிவம். மூன்றையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் கண் பழகிவிடும்.

பெயர்களும் உதவும். அயர்லாந்து சுதந்திர நாடானபோது, மேலே சொன்ன டப்ளின் ஃபியூசிலியர்ஸ், மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ், கன்னாட் ரேஞ்சர்ஸ், லெய்ன்ஸ்டர் ரெஜிமென்ட், ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட் ஆகிய ஐந்தையும் 1922இல் கலைத்தார்கள். அவற்றின் கொடிகளை அந்த ஜூனில் விண்ட்சர் கோட்டையில் மன்னரிடம் ஒப்படைத்தார்கள். இவற்றை அன்றாடம் இயங்கும் படைகளாகப் பேசும் விளக்கம் அதற்கு முந்தைய காலத்தது.

விக்டோரியா கிராஸ் நாடா செவப்புன்னுதானே படிச்சோம்? என் அட்டையில நீலமா இருக்கு. பிரிண்ட் தப்புன்னா விலை கூடுமாமே?

தப்பும் இல்லை, விலையும் கூடாது. 1856இல் விக்டோரியா ராணி இந்தப் பதக்கத்தை ஏற்படுத்தியபோது தரைப்படைக்குக் கருஞ்சிவப்பு நாடா, கடற்படைக்குக் கருநீல நாடா. 1918இல்தான் எல்லோருக்கும் கருஞ்சிவப்பு என்று மாற்றினார்கள். ஆகவே நீல நாடா அந்த அட்டையின் வயதுச் சான்றிதழ் மாதிரி.

இன்னொரு காலக்குறியும் இந்தப் பதக்கத்திலேயே இருக்கிறது. இந்தியச் சிப்பாய்களுக்கு அதைப் பெறும் உரிமை 1911 டெல்லி தர்பாரில்தான் கிடைத்தது. முதலில் பெற்றவர் 129ஆவது பலூச்சிப் படையின் குதாதாத் கான், 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் காட்டிய வீரத்துக்காக. அடுத்த மாதமே கார்வால் ரைஃபிள்ஸின் தர்வான் சிங் நேகி. போயர் போர் காலத்து வி.சி. (விக்டோரியா கிராஸ்) தொகுப்பில் இந்தியச் சிப்பாயைத் தேடி ஏமாற வேண்டாம். முதல் உலகப்போர் தொகுப்புகளில் தேடுங்கள்.

ஒரே படம், ஒரே பேரு, பின்பக்க கலர் மட்டும் வேற. ஒண்ணு டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் இரண்டும் அசல். அதே தொகுப்பை மறுபடி அச்சிடும்போது மையையோ அட்டையையோ மாற்றிவிடுவார்கள். பிளேயரின் 1903–04 தொகுப்பு பச்சைப் பின்பக்கத்திலும் பழுப்புப் பின்பக்கத்திலும் இருக்கிறது. பழுப்பிலேயே எண் போட்டது, போடாதது என்று வேறு. 1912இல் நீலப் பின்பக்கத்தோடு வந்த ரெஜிமென்ட் சீருடைகள் 1914இல் பழுப்புப் பின்பக்கத்தோடு திரும்பி வந்தன. வில்ஸ் 1916இல் வெளியிட்ட ராணுவ மோட்டார் வண்டிகளில் தணிக்கை அனுமதி வரி உள்ளவை, இல்லாதவை என இரண்டு வகை. போர்க்கால அரசாங்கம் அட்டையையும் விடவில்லை!

தொகுப்பு நிறைவு செய்யும்போது ஒரே வகையில் சேருங்கள். கலந்து வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், விற்கப்போனால் மதிப்பு குறையும்.

பட்டுத்துணியில சின்னம் நெய்திருக்கே, அதுவும் சிகரெட்டோட வந்ததா?

ஆமாம். முதல் உலகப்போர் காலத்தில் காட்ஃப்ரே பிலிப்ஸ் தன் பி.டி.வி. பிராண்டோடு ரெஜிமென்ட் சின்னங்களையும் கொடிகளையும் பட்டில் கொடுத்தது. முராட்டி போன்ற கம்பெனிகளும் கொடுத்தன. வீட்டுப் பெண்கள் இவற்றைச் சேர்த்துத் தலையணை உறையும் போர்வையும் தைத்தார்கள். கணவன் புகைக்க மனைவி தைக்க, கம்பெனிக்கு இரட்டை லாபம்.

வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். ஊசித்துளை வரிசையாக இருந்தால் அது ஒரு காலத்தில் தலையணையில் இருந்தது என்று அர்த்தம். மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இழை அறுந்திருக்கும். துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள்.

அசலா, மறுபதிப்பான்னு எப்படித் தெரியும்?

மறுபதிப்பு என்றாலே மோசடி இல்லை. நேர்மையாக வெளியிட்டவர்கள் பின்பக்கத்திலேயே சிறிய எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள். பிரச்சினை அந்த வரியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் காட்டி விற்பவரிடம். அதனால் இணையத்தில் வாங்கினால் பின்பக்கப் படம் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள்.

நேரில் பார்க்கும்போது ஒரு பத்து மடங்கு லென்ஸ் போதும். 1910க்கு முந்தைய நல்ல லித்தோ (கல்லச்சு) அச்சில் நிறங்கள் திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாத புள்ளிகளாகத் தெரியும். இன்றைய அச்சில் நாலு நிறப் புள்ளிகள் ஒரே சீரான பூ வடிவத்தில் அடுக்கியிருக்கும். நூறு வயது அட்டை பனிவெள்ளையாக இருந்தாலும் சந்தேகப்படலாம். முனை நான்கும் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் அளவெடுத்துப் பாருங்கள். தேய்ந்த ஓரத்தைச் சீவிவிட்டு விற்பதும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

தாத்தா பெட்டியில ஒரு கட்டு கிடைச்சது. லட்சக்கணக்குல போகுமா?

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் சிகரெட் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனதாகச் செய்தி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. படை அட்டைகளில் அப்படி எதையும் எதிர்பார்க்காதீர்கள். 1920, 30களின் தொகுப்புகளை ஏகப்பட்ட எண்ணிக்கையில் அச்சிட்டார்கள், மக்களும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதிகம் கிடைப்பதற்கு விலை ஏறாது.

விலையைத் தீர்மானிப்பது நிலை, அரிது, முழுமை. டாடி அட்டைகள் மட்டும் எப்போதும் ஒரு படி மேலே நிற்கும். 1920இல் மூடிப்போன அந்தக் கம்பெனி கடைசியாக அச்சிட்ட 20 சர்க்கஸ் கோமாளி அட்டைகள் இன்று ஆயிரக்கணக்கான பவுண்டு. லண்டன் சிகரெட் கார்டு கம்பெனி 1927 முதல் இந்த வியாபாரத்தில் இருக்கிறது, விலைப்பட்டியலும் வெளியிடுகிறது. ஆனால் அந்தப் பட்டியல் விலை கடைக்காரர் நல்ல நிலை அட்டையை விற்கும் விலை. அவர் உங்களிடம் வாங்கும்போது அதில் பாதியைக்கூடக் கொடுக்க மாட்டார். கோபித்துப் பயனில்லை, அவருக்கும் கடை வாடகை இருக்கிறது.

ஆல்பத்துல ஒட்டியிருக்கு. தண்ணியில நனைச்சுப் பிரிக்கலாமா?

1930களில் பிளேயரும் வில்ஸும் பின்பக்கம் கோந்து தடவிய அட்டைகளையும் ஒட்டுவதற்கு ஒரு பென்னி ஆல்பங்களையும் விற்றன. 1938இன் பிரிட்டிஷ் பேரரசு வெளிநாட்டுப் படைச் சீருடைகள், 1939இன் டெரிட்டோரியல் சீருடைகள் எல்லாம் இந்த வகை. ஆல்பம் முழுமையாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பிரித்த அட்டை பின்பக்கம் கெட்டு இரண்டாந்தரமாகிவிடும், ஆல்பமும் போய்விடும். பிரித்தே தீர வேண்டுமென்றால் முதலில் அந்தக் கட்டில் மிக மோசமான அட்டையில் சோதித்துப் பாருங்கள். வேறு பசை போட்டு ஒட்டியிருந்தால் நிறத்தோடு உரிந்து வரும்.

நம்ம ஊரு புழுக்கத்துக்கு எப்படிப் பத்திரப்படுத்துறது?

இங்கிலாந்தில் எழுதிய பராமரிப்புக் குறிப்பு நமக்குப் பாதிதான் பொருந்தும். கோந்து அட்டைகள் சென்னை மாதிரி கடலோர ஊர்களில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவது நாமே குழி வெட்டுவது. ரப்பர் உருகி ஓரத்தில் பழுப்புக்கோடு விழும்.

தனித்தனி உறைகள் உள்ள தாள்கள் வாங்கும்போது பாலிப்ரோப்பிலீனா என்று கேளுங்கள். மலிவான பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து அச்சைத் தின்றுவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். அந்துருண்டை வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பீரோவின் அடித்தட்டில் வைத்தால் வெள்ளிப்பூச்சி தேடி வரும், மேல்தட்டில் வையுங்கள். வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்டினால் முதலில் போவது சிவப்பு. ரெஜிமென்ட் கொடியில் சிவப்பு போன பிறகு என்ன மிச்சம்?

பின்னால எழுதியிருக்கிறதை சரித்திரமா எடுத்துக்கலாமா?

பதக்கம் ஏற்பட்ட ஆண்டு, நாடாவின் நிறம், கொடியின் அமைப்பு போன்றவற்றில் கம்பெனிகள் ஓரளவு கவனமாக இருந்தன. தப்பு வந்தால் ஓய்வுபெற்ற கர்னல்கள் கடிதம் எழுதியே கொன்றுவிடுவார்கள். வீரச்செயல் அட்டைகளில்தான் எச்சரிக்கை தேவை. கேலஹரின் 200 அட்டைகளும் போர் நடந்துகொண்டிருக்கும்போதே வந்தவை. மக்களை உற்சாகப்படுத்துவதும் சிகரெட் விற்பதும் அவற்றின் வேலை. லண்டன் கெஜட் என்ற அரசிதழில் ஒவ்வொரு வி.சி.க்கும் அதிகாரபூர்வ விவரம் உண்டு, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எது அச்சாகவில்லை என்பதும் ஒரு சரித்திரம்தான். 1915 வாட்டர்லூ போரின் நூறாவது ஆண்டு. வில்ஸ் 50 அட்டைகள் தயாரித்து வைத்திருந்தது. ஆனால் வாட்டர்லூவில் தோற்ற பிரான்ஸ் அப்போது பிரிட்டனின் கூட்டாளி. நண்பனைக் குத்திக்காட்டுவானேன் என்று வெளியிடாமலே நிறுத்திவிட்டார்கள். அதேபோல இசைக் கலைஞர்கள் தொகுப்பிலிருந்து எட்டு ஜெர்மானியர்களை எடுத்துவிட்டு வேறு ஆட்களைப் போட்டார்கள். எடுக்கப்பட்ட எட்டும் இன்று அரிதானவை.

நம்மை ஆண்டவனோட சின்னத்தை நாம எதுக்குக் காசு கொடுத்துச் சேர்க்கணும்?

கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு, அந்தக் கோபம் நியாயமானது. வந்தவாசியும் சோளிங்கரும் ஒரு ஐரிஷ் படையின் கொடியில் பெருமையாக ஏறியிருப்பது நம் மண்ணில் சிந்திய ரத்தக் கணக்கு. அந்தப் போர்களில் கம்பெனிக்காகச் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள். அவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. நான் சேர்ப்பது வணங்குவதற்காக இல்லை. அந்தப் பேரரசு தன்னைத் தானே எப்படிப் படம்பிடித்துக்கொண்டது என்று பார்க்க இதைவிட மலிவான ஆவணம் கிடைக்காது. பிடிக்காதவர்கள் பறவை அட்டைகள் சேர்க்கலாம், அதுவும் ஏராளமாக இருக்கிறது.

இங்க கிடைச்ச அட்டையை வெளிநாட்டுக்கு வித்தா சட்டப் பிரச்சினை வருமா?

நூறு வயதைத் தாண்டியதென்றால் விசாரித்துவிட்டு அனுப்புங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அட்டை அதில் வராது என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. 1930களின் அட்டைக்கு இந்தத் தொல்லை இப்போதைக்கு இல்லை. வெளியிலிருந்து வரவழைக்கும்போது சுங்க வரி விழலாம், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

காசு செலவில்லாம முதல்ல பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது. நியூயார்க் பொது நூலகம் தன் ஜார்ஜ் ஏரன்ட்ஸ் சேகரிப்பிலுள்ள சிகரெட் அட்டைகளை ஏராளமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, பல தொகுப்புகளுக்குப் பின்பக்கமும் உண்டு. எட்வர்ட் வார்ட்டன்-டைகர் என்பவர் சேர்த்த ஏறக்குறைய இருபது லட்சம் அட்டைகள் அவர் உயிலின்படி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1938இல் தொடங்கிய பிரிட்டன் கார்ட்டோஃபிலிக் சொசைட்டி என்ற அட்டை சேகரிப்போர் சங்கம், எந்தக் கம்பெனி எந்த ஆண்டில் என்னென்ன வகைகளை அச்சிட்டது என்று கம்பெனி வாரியாக நூல்கள் வெளியிட்டிருக்கிறது. நியூயார்க் பக்கத்தில் தேடும்போது பிளேயர், வில்ஸ் என்று ஆங்கில எழுத்தில் கம்பெனி பெயரைப் போட்டு, கூடவே ரெஜிமென்ட் பெயரையும் சேர்த்துத் தேடினால் சீக்கிரம் அகப்படும்.